கேட்டுப் பெற்ற வரலாறு

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அறிய விழைந்து வினவுவதும் கேள்வி. அறிந்தவர் உரைக்கச் செவிமடுப்பதும் கேள்வி. வினாவையும் செவியையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருப்பது நம் மொழியின் தனியழகு. வள்ளுவப் பெருந்தகை இப்பெயரில் ஓர் அதிகாரமே வகுத்தார். அரபு மொழியிலும் இதனையொத்த வழக்கு உண்டு. ஹதீஸ் கலையில் 'ஸமாஉ' என்பது ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்டுப் பெறுதலைக் குறிக்கும். ஏட்டைத் தனியே படித்தவரைவிட ஆசிரியர் முன் அமர்ந்து கேட்டவருக்கே அக்கலையில் மதிப்பு மிகுதி.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு நபிமொழியைக் கேட்டறிவதற்காக, ஒரு மாதத் தொலைவு பயணஞ்செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்ற செய்தியை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஹிஜ்ரி 310இல், அதாவது கி.பி. 923இல், மறைந்த இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் தமது பெரும் வரலாற்று நூலில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், 'இன்னார் எனக்குச் சொன்னார். அவருக்கு இன்னார் சொன்னார்' என்று பெயர்களை நிரல்பட வைத்தார்கள். ஒரே நிகழ்ச்சி மூன்று வகையாகச் சொல்லப்பட்டிருப்பின் மூன்றையும் தந்தார்கள். படிப்போர் எடை போட்டுப் பார்க்கட்டும் என்பது அப்பெரியாரின் கருத்து.

இவ்வண்ணம் வரலாறு என்பதே நம் முன்னோருக்கு ஒரு நீண்ட உரையாடலாக இருந்தது. அந்த உரையாடலை நாம் எங்கே நிறுத்திவிட்டோம், அதனை மீண்டும் தொடங்க என்ன வழி என்பதே இக்கட்டுரையில் யான் சொல்ல எண்ணுவது.

உலகம் முழுவதன் வரலாற்றையும் எழுத முனைந்த ஒருவரை முதலில் காண்போம். ஈரான் நாட்டு ஹமதான் நகரிற் பிறந்த ரஷீதுத்தீன், தொழிலால் மருத்துவர். பின்னர் மங்கோலியப் பேரரசர் காஸானுக்கும் அவர் தம்பி உல்ஜாய்த்துவுக்கும் அமைச்சரானார். 'ஜாமிஉத் தவாரீஹ்', அதாவது 'வரலாறுகளின் திரட்டு' என்னும் அவரது நூலில் அரபியர், பாரசீகர், துருக்கியர், மங்கோலியர் மட்டுமன்றிச் சீனர், இந்தியர், யூதர், ஐரோப்பியர் ஆகியோரின் வரலாறுகளும் இடம்பெற்றன. ஒரு மனிதர் இத்தனை நாடுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டா எழுதினார்? இல்லை. அறிந்தவர்களை அழைத்து, அருகில் அமர்த்திக் கேட்டார். மங்கோலியர் வரலாற்றுக்குச் சீனப் பேரரசரின் தூதராய் வந்து தங்கிய போலாத் என்பவரைக் கேட்டார். சீன வரலாற்றுக்குச் சீன அறிஞர் இருவரைக் கேட்டார். இந்திய வரலாற்றுக்கும் புத்தர் வரலாற்றுக்கும் காஷ்மீரத்துப் பௌத்தத் துறவி கமலஸ்ரீயைக் கேட்டார். 1318இல் அவ்வமைச்சர் கொலைத் தண்டனைக்கு ஆளானார். ஆயினும் கேட்டு எழுதிய நூல் நின்றுவிட்டது.

அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னரே அல்பிரூனீ இதே வழியில் நடந்தார். 973இல் பிறந்த அவர் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை 1030ஆம் ஆண்டு அளவில் முடித்தார். சமஸ்கிருதம் கற்றார், பண்டிதர்களிடம் மாணவனைப் போல் அமர்ந்து வானநூலும் கணக்கும் கேட்டார். சில காலஞ்சென்றபின் அவர் தமக்குத் தெரிந்த கணிதச் சான்றுகளை எடுத்துரைக்கத் தொடங்கினார். பண்டிதர்கள் வியந்து, 'எந்த ஆசானிடம் கற்றீர்?' என்று அவரையே வினவினராம். கேட்கச் சென்றவர் சொல்பவராகவும் ஆனார். இச்சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் நிறுத்துதல் வேண்டும்; இதன் பயன் பின்னர் விளங்கும். அல்பிரூனீ வடக்கே பண்டிதர்களோடு உரையாடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1025ஆம் ஆண்டையொட்டி, நம் காவிரி நாட்டிலிருந்து இராசேந்திர சோழரின் கப்பற்படை கடாரம் நோக்கிச் சென்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தப்ரீஸும் பஞ்சாபும் தொலைவிலுள்ளவை. நம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

குத்தாலம் காவிரியின் தென்கரையிலுள்ள ஊர். முன்னாளில் தஞ்சை மாவட்டம். 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். அருகே கம்பர் பிறந்த தேரிழந்தூர். சுற்றிலும் நெல் வயல்களும் வாய்க்கால்களும். நெல்லோடும் கடல் கடந்த பிழைப்போடும் இணைந்து வாழும் முஸ்லிம் குடும்பங்கள் இவ்வட்டாரத்திற் பலவுண்டு. இப்பகுதியில் ஒரு ஜமாஅத்தார் சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் பள்ளிவாசலைப் புதுப்பித்தனர். திறப்பு விழாவையொட்டி மலர் ஒன்று வெளியிட விழைந்து, 'பள்ளிவாசலின் வரலாறு' என்னும் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தனர். எழுத வேண்டியது யாது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டனர். பள்ளிவாசல் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஊரார் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த வணிகரின் நேர் வழித்தோன்றல்கள். சோழ மன்னரே நிலம் கொடுத்தார். இம்மூன்றும் தவறாமல் வர வேண்டும் என்றனர்.

"இதற்குச் சான்று உண்டா?" என்று முத்தவல்லியிடம் கேட்டேன்.

"வாப்பா காலத்திலிருந்து சொல்லி வருவதுதான், ஹஜ்ரத். எல்லாருக்கும் தெரிந்ததற்குச் சான்று எதற்கு?" என்றார் அவர்.

அவர் நல்ல மனிதர், ஊருக்கு உழைப்பவர். அவர் சொல்லைத் தட்டவும் மனமில்லை. அப்படியே எழுதவும் மனமில்லை. ஆகவே அறிந்தவரைக் கேட்போம் என்று கும்பகோணத்துக்கு ரயிலேறினேன். அங்கே கல்லூரியொன்றில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வாழ்கிறார். கல்வெட்டுப் படிப்பதில் வல்லவர். தம் பெயரை அச்சில் ஏற்றலாகாது என்பது அவர் விருப்பம்; எனவே 'பேராசிரியர்' என்றே இங்குக் குறிக்கிறேன்.

திண்ணையில் அமரச் செய்து, மோர் கொடுத்து, யான் சொன்னதனைத்தையும் பொறுமையோடு கேட்டார். பிறகு மூன்றே வினாக்கள் எழுப்பினார். "ஆயிரம் ஆண்டு என்று முதலில் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்? அவர் அதைப் பார்த்திருக்கக் கூடியவரா?"

யான் வியப்புற்றேன். மதரஸாவில் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் 'நுக்பத்துல் ஃபிகர்' பாடத்தில் எங்கள் உஸ்தாத் கேட்ட வினாக்கள் இவையே. அறிவிப்பாளர் வரிசையில் ஓர் ஆள் விடுபட்டாலும் அச்செய்தியை 'முன்கத்திஉ', அதாவது 'தொடர்பு அறுந்தது' என்று தனியே ஒதுக்கி வைப்போம். நம் ஊரார் சொல்லும் செய்தியிலோ ஆளொருவர் அன்று, எத்தனையோ தலைமுறைகள் விடுபட்டிருக்கின்றன. யான் இதனைச் சொன்னபோது பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை, ஐயா. நபிமொழிக்கு நீங்கள் வைக்கும் தராசைத்தான் நாங்கள் கல்லுக்கும் செம்புக்கும் வைக்கிறோம்" என்றார்.

அன்று தொடங்கிய உரையாடல் பல மாதங்கள் நீடித்தது. அதில் யான் கேட்டுப் பெற்றவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறேன்.

சோழர் காலத்தில் நம்மவர் இங்கே இருந்ததற்குத் தடயமே இல்லையா என்று வினவினேன். உண்டு என்றார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'சோனகன் சாவூர்' என்றொரு பெயர் வருகிறது. அதற்கும் முன்பே, 849ஆம் ஆண்டளவில் கொல்லத்தில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் அரபு எழுத்திலும் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பம் இட்டிருக்கின்றனர். மேற்காசிய வணிகர் இக்கடற்கரைகளில் 'அஞ்சுவண்ணம்' என்னும் பெயரால் குழுவாக இயங்கியதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

"பிறகென்ன? சோனகர் சோழர் காலத்திலேயே இருந்தனர் அல்லவா?" என்று கேட்டேன்.

"இருந்தனர். ஆனால் அந்தக் கல் என்ன சொல்கிறதோ அதை மட்டும் கேளுங்கள்" என்றார். "சோனகன் என்பது 'யவனர்' என்பதன் வழிவந்த சொல்; மேற்றிசையிலிருந்து வந்தவரைக் குறித்தது. அப்படி அழைக்கப்பட்ட ஒருவர் அந்நாளில் தஞ்சையில் அறியப்பட்டவராய் இருந்தார் என்பது வரை கல் பேசுகிறது. அவர் எங்கே தொழுதார் என்று அது பேசவில்லை. உங்கள் ஊரில் அவர் பேரன் குடியேறினான் என்றும் பேசவில்லை. கல் பேசாத இடத்தில் நாம் பேசினால் அது வரலாறு ஆகாது."

மற்றொரு நாள் குதிரைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. பாண்டியர் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் நம் கடற்கரைக்குக் குதிரைகளை அனுப்பினார். அவருடைய உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரிடம் அமைச்சராய் விளங்கினார். இச்செய்திகளை எழுதியவர் வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர். ஆண்டுதோறும் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்றும், ஆக மொத்தம் 22 இலட்சம் பொற்காசு என்றும் அவர் கணக்கிட்டுள்ளார். யான் இதனைப் பெருமையோடு எடுத்துரைத்தேன்.

பேராசிரியர் ஒரு தாளை எடுத்தார். "பதினாயிரத்தை 365ஆல் வகுத்தால் நாளுக்கு 27 குதிரை. ஆனால் பாய்மரக் கப்பல் ஆண்டு முழுவதும் வராது. காற்று வாய்க்கும் பருவத்தில்தான் வரும். மூன்று மாதம் என்று வைத்தால் நாளுக்கு நூற்றுக்கு மேல். அத்தனை குதிரைக்கும் கடலில் குடிநீர், தீவனம், இறக்கினால் கொட்டடி. இவற்றையெல்லாம் நினைத்துப் பாருங்கள்" என்றார்.

"அப்படியானால் வஸ்ஸாஃப் சொன்னது பொய்யா?"

"நான் அப்படிச் சொல்லவில்லையே! குதிரை வாணிகம் உண்மை. மார்க்கோ போலோ தனியே அதைச் சொல்கிறார். நம் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகின்றனர். ஒருவரையொருவர் அறியாத மூன்று சாட்சிகள் ஒன்றைச் சொன்னால் ஏற்கலாம். எண்ணிக்கைக்கோ சாட்சி ஒன்றுதான். அதை 'வஸ்ஸாஃப் கூறுகிறார்' என்று எழுதுங்கள். 'நிகழ்ந்தது' என்று எழுதாதீர்கள்."

குதிரைகள் இங்கே ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு மார்க்கோ போலோ ஒரு காரணம் சொல்கிறார். அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை. சோற்றோடு இறைச்சியைச் சமைத்து ஊட்டினர் என்கிறார். பேராசிரியர் இதைச் சொல்லிச் சிரித்தார். "நெல் விளையும் நாட்டில் குதிரைக்கும் சோறுதான் போலும்!"

யான் வீடு திரும்பி இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் 'முகத்திமா'வை எடுத்துப் பார்த்தேன். மூஸா (அலை) அவர்களுடன் பாலைவனத்தில் இருந்த படையின் தொகை ஆறு இலட்சம் என்று முன்னோர் எழுதியதை அப்பேரறிஞர் அங்கே ஆராய்கிறார். அத்தனை பேரை ஒரு படையாய் அணிவகுக்க இயலுமா, அவர்களைத் தாங்க நாடு இடங்கொடுக்குமா என்றெல்லாம் கேட்டு அத்தொகையை மறுக்கிறார். பேராசிரியர் தாளில் போட்ட கணக்கும் அதே இனத்தது. பெரியவர் எழுதிவிட்டார் என்பதற்காக எண்ணிக்கை உண்மையாகிவிடாது.

ஆனால் இப்னு கல்தூன் தராசின் மறுதட்டையும் காட்டத் தவறவில்லை. நம் தமிழகத்துக்கு வந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் அவையில் தங்கிச் சென்ற இப்னு பதூதா, மொராக்கோ திரும்பித் தம் பயணத்தைச் சொன்னபோது, அரசவையினர் பலர் அவரைப் பொய்யர் என்று முணுமுணுத்தனர். இந்தியாவின் செல்வத்தைப் பற்றி அவர் சொன்னவை அவர்களுக்கு நம்பக்கூடாதவையாய்த் தோன்றின. அப்போது இளைஞராயிருந்த இப்னு கல்தூன், தாமும் ஐயுற்று, அமைச்சர் ஃபாரிஸ் இப்னு வத்ராரை அணுகி அதுபற்றிப் பேசினார். அமைச்சர் ஒரு கதை சொன்னார். ஓர் அமைச்சர் பல்லாண்டு சிறையிலிருந்தார். அவர் மகன் சிறையிலேயே வளர்ந்தான். ஒருநாள் தான் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆட்டினுடையது என்று சொல்லித் தந்தை ஆட்டை வருணித்தார். 'எலியைப் போல் இருக்குமா, வாப்பா?' என்றான் மகன். சிறையில் அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே. நாம் காணாதது என்பதனாலேயே ஒன்றை மறுத்தல் அம்மகனின் நிலைக்கு ஒப்பாகும் என்று அமைச்சர் உணர்த்தினார்.

பெரியோர் சொல் என்பதற்காக ஏற்காமையும், நாம் அறியாதது என்பதற்காக மறுக்காமையும் ஆகிய இவ்விரண்டையும் இப்னு கல்தூன் தனியே இருந்து கற்கவில்லை. ஒருவரிடம் சென்று வினவி, அவர் மறுமொழியைக் கேட்டுக் கற்றார். இன்று கைபேசியில் நாள்தோறும் வரலாற்றுச் செய்திகள் வந்து விழுகின்றன. அவற்றை அனுப்பியவர் யாரென்று தெரிவதில்லை. அவரிடம் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. ஆகவே பிடித்ததை நம்புகிறோம், பிடிக்காததைத் தள்ளுகிறோம். உயிருள்ள வரலாற்றறிஞர் ஒருவரின் எதிரே அமர்ந்திருக்கும்போது இது நடவாது. நம் வினாவுக்கு அவர் ஒரு வினா வைத்திருப்பார்.

இனி மலர்க்கட்டுரைக்கு வருகிறேன். பேராசிரியர் ஒருநாள், "பழைய காகிதம் ஏதும் பள்ளிவாசலில் இல்லையா?" என்று கேட்டார். முத்தவல்லியிடம் சொல்லிப் பெட்டகத்தைத் திறந்து பார்த்தோம். கரையான் தின்ற கணக்கேடுகளுக்கு நடுவே, துணியில் சுற்றிய ஒரு சாசனம் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு கும்பகோணம் சென்றேன். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பல்லவ கிரந்தமும் வட்டெழுத்தும் தடையின்றிப் படிக்கும் அந்த அறிஞர், தாளை என்னிடமே நீட்டினார்.

"இது எனக்குத் தெரியாத எழுத்து. அரபியா?"

அது அரபு எழுத்து. ஆனால் மொழி தமிழ். நம் முன்னோர் 'அர்வி' என்று வழங்கிய அரபுத்தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி எழுத்துகளை அமைத்துக்கொண்ட எழுத்துமுறை. மதரஸாவில் படித்த எனக்கு அதைப் படிப்பது எளிது. யான் உரக்கப் படிக்கப் பேராசிரியர் எழுதிக்கொண்டார். ஹிஜ்ரி பதின்மூன்றாம் நூற்றாண்டில், பெண்மணி ஒருவர், பள்ளிவாசலின் விளக்கெண்ணெய்ச் செலவுக்காக மூன்று மா நஞ்செய் நிலத்தை வக்பு செய்த சாசனம் அது. இருபது மா ஒரு வேலி. ஆக மூன்று மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர். எல்லை கூறும் பகுதி வந்தது: கிழக்கெல்லை வாய்க்காலுக்கு மேற்கு, தென்னெல்லை கோயில் நிலத்துக்கு வடக்கு என்று படித்துக்கொண்டே போனேன்.

பேராசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "மறுபடி படியுங்கள்" என்றார். படித்தேன்.

உள்ளே சென்று ஒரு நூலைக் கொணர்ந்து திறந்து காட்டினார். இராசராச சோழர் தம் 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006ஐ ஒட்டி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அவ்விகாரத்தை எடுப்பித்தவர் கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டு லைடன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் 'லைடன் செப்பேடுகள்' என்று உலகறியப் பெயர்பெற்றன. பெண்யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்ததை அச்செப்பேடு கூறுகிறது. அங்கும் கிழக்கெல்லையைச் சொல்லும்போது, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு என்றே சொல்லப்படுகிறது. இன்று நாம் சார்பதிவாளர் அலுவலகத்திற் பதியும் பத்திரத்திலும் எல்லை கூறும் முறை இதுவே அன்றோ!

சோழ மன்னர் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த செப்பேட்டின் நடை, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முஸ்லிம் பெண்மணி அரபு எழுத்தில் எழுதுவித்த சாசனத்தில் வாழ்கிறது. சோழ மன்னர் எங்களுக்கு நிலம் கொடுத்தார் என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆனால் சோழர் காலத்து ஊர்க்கணக்கரின் மொழி நம் வீட்டு மொழியாய் இருந்தது என்பதற்குக் கைச்சான்று கிடைத்துவிட்டது. சாசனத்தின் அடியில் சாட்சிகள் ஐவர். மூவர் அரபு எழுத்திலும், இருவர் தமிழ் எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். தமிழில் ஒப்பமிட்டோர் பக்கத்து நிலத்துக்காரரும் ஊர்க் கணக்குப்பிள்ளையும் ஆவர், இருவரும் இந்துக்கள்.

"நாற்பது ஆண்டு கல்வெட்டுப் படித்தேன். இந்த எழுத்தில் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்றார் பேராசிரியர்.

"நாங்களும் இது வரலாறு என்று நினைக்கவில்லை, ஐயா, பழைய பத்திரம் என்றே நினைத்தோம்" என்றேன்.

அல்பிரூனீயிடம் பண்டிதர்கள் கேட்டதை அப்போது நினைத்துக்கொண்டேன். வரலாற்றறிஞர்களுக்குத் தமிழும் கிரந்தமும் ஆங்கிலமும் தெரியும். நம் பெட்டகத்தில் உள்ள எழுத்துத் தெரியாது. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆலிம்களோ அதன் மதிப்பை அறிவதில்லை. இருசாராரும் ஒரே திண்ணையில் அமர்ந்தாலன்றி இவ்வட்டாரத்தின் வரலாறு முழுமையுறாது. முன்னர்க் கூறிய அமைச்சர் ரஷீதுத்தீன், தப்ரீஸ் நகரில் தாம் நிறுவிய அறநிலையத்துக்கு எழுதிய வக்பு சாசனம் இன்றும் உள்ளது. 2007இல் யுனெஸ்கோ அதனை 'உலகின் நினைவு' என்னும் பட்டியலில் சேர்த்தது. தம் வரலாற்று நூலை ஆண்டுதோறும் அரபியிலும் பாரசீகத்திலும் படியெடுக்க வேண்டும் என்றும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். அமைச்சரின் வக்பு சாசனத்தை உலகமே போற்றுமெனில், விளக்கெண்ணெய்க்கு நிலம் கொடுத்த நம் பெண்மணியின் சாசனத்தை நாமாவது போற்ற வேண்டாமா?

ஜமாஅத்துக் கூட்டத்தில் கட்டுரையைப் படித்தேன். ஆயிரம் ஆண்டு அதில் இல்லை. அரபு நாட்டுக் கப்பலும் இல்லை. சாசனமும் அதன் எல்லைகளும் சாட்சிகளின் பெயர்களும் இருந்தன. சிலர் முகம் சுளித்தனர். முத்தவல்லி வருத்தத்தோடு கேட்டார்: "பெருமையைக் குறைத்துவிட்டீர்களே, ஹஜ்ரத்! நாம் இந்த மண்ணுக்கு எவ்வளவு பழையவர்கள் என்று சொன்னால்தானே நாலு பேர் மதிப்பார்கள்? நம் பிள்ளைகளுக்கு வேறென்ன மிஞ்சும்?"

அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அதன் பின்னே இருந்த கவலையை அறியாதவர் அக்கூட்டத்தில் எவருமில்லை. யான் சொன்னேன்: "ஆயிரம் ஆண்டு என்று எழுதினால், ஒருவன் வந்து 'சான்று எங்கே?' என்பான், நம் பிள்ளை தலைகுனிவான். இந்தச் சாசனத்தைக் காட்டினால் யார் என்ன கேட்க முடியும்? வடக்கே இன்னார், தெற்கே கோயில் நிலம், கிழக்கே வாய்க்கால். இவ்வளவு துல்லியமாக இந்த மண்ணில் நம்மை நிறுத்தும் தாள் வேறு எது? கப்பலில் வந்தோம் என்பதைவிட, அண்டைவீட்டார் நமக்குச் சாட்சி நின்றார்கள் என்பது பெரிய பெருமையில்லையா?"

உடனே உடன்பாடு வந்துவிடவில்லை. இரண்டு கூட்டங்கள் நடந்தன. இறுதியில், கல்லூரியில் படிக்கும் பெண்கள் இருவர் சாசனத்தைத் தற்காலத் தமிழில் பெயர்த்தெழுத முன்வந்தனர். மலரில் சாசனத்தின் படமும் அதன் பெயர்ப்பும் வெளிவந்தன. ஊரில் வழங்கும் கதையையும் விலக்கவில்லை. 'ஊரார் வழிவழியாகச் சொல்லிவருவது' என்ற தலைப்பில் தனியே அச்சிட்டோம். தபரீ (ரஹ்) செய்தது போலவே, யார் சொன்னது என்பதைச் சொல்லி வைத்தோம். சாட்சியாய் நின்ற கணக்குப்பிள்ளையின் வழியில் வந்த முதியவர் ஒருவரும் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். தம் முன்னோரின் கையொப்பத்தை அவர் விரலால் தடவிப் பார்த்ததை ஊரே கண்டது.

நம் மண்ணின் வரலாற்றைக் கேட்டறிய நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள் உண்டு. ஜப்பான் நாட்டுப் பேராசிரியர் நொபொரு கராஷிமா தமிழ் கற்று, கல்வெட்டுப் பயின்று, திருச்சிக்கு அருகேயுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சிற்றூர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கொண்டு அங்கே நிலம் யாருடையதாயிருந்தது என்று ஆராய்ந்தார். நம் அறிஞர் எ. சுப்பராயலு முதலியோருடன் சேர்ந்து பல்லாண்டு உழைத்தார். 2015இல் அவர் மறைந்தார். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு; அதனையும் அவர் ஆராய்ந்தார். அரபியர் 'ஸைத்தூன்' என்று அழைத்த துறைமுகம் அதுவே. தோக்கியோவிலிருந்து ஒருவர் நம் வயல்வரப்பின் கதையைக் கேட்க வந்தார். நாமோ நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கத் தயங்குகிறோம்.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கிழிந்த கித்தாபுகள் காலில் மிதிபடலாகாது என்னும் மரியாதையால், அவற்றைக் கட்டி ஆற்றில் விடுவோம், அல்லது புதைப்போம். திருமறையின் ஏடுகளுக்கு இது தகும். ஆனால் அந்தக் கட்டுக்குள்ளே பாட்டனாரின் கப்பல் கணக்கும், பாட்டியார் கையால் எழுதிய அரபுத்தமிழ்ப் பாடல்களும், நிக்காஹ் பதிவேடும், பர்மாவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களும் சேர்ந்து போய்விடுகின்றன. அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் வேத ஏடு என்று எண்ணிவிடுகிறோம். இவ்வாறு காவிரியில் போனவை எத்தனையோ!

ஆதலின் வாசகப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இதுவே. அடுத்த முறை அப்படியொரு கட்டைக் கட்டுமுன், உங்கள் ஊர் ஆலிம் ஒருவரை அழைத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பிரித்துத் தருவதை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ செல்லுங்கள். அங்கிருப்போரிடம் கேளுங்கள், அவர்கள் கேட்பதற்கு மறுமொழி சொல்லுங்கள். வீட்டிலுள்ள மூதாட்டியிடம் பிள்ளைகளை அமர்த்தி, அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். எழுதியதில் நாளும் பெயரும் இடுங்கள்.

அறிந்தோரிடம் கேட்டறியும் அடக்கத்தையும், கேட்டதை உள்ளவாறே உரைக்கும் வாய்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.